உட்காரலாமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை

மரியாதை தெரிந்த இரண்டு பேரைச் சேர்த்து வெளியே அனுப்பக் கூடாது. ஒருத்தர் மரியாதைக்காரராக இருந்தால், கூடப் போகிறவர் கொஞ்சமாவது முரடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரும் வீடு திரும்ப மாட்டார்கள். இதை நான் எங்கேயும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. என் குதிகால் இரண்டிலும் எழுதியிருக்கிறது. (நம்பாதவர்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிக் காட்டுகிறேன்.)

பர்மியத்தில் 'ஆனாடே' என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூசுகிற கூச்சம். பசிக்கிறது என்றால் பாவம் எழுந்து போய்ச் சமைப்பார்களே, வேண்டாம் என்றால் மனசு நோகுமே என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு கஷ்டப்படுவது. தலைமுறைகளாக யாங்கூனில் இருக்கும் எங்களுக்கு இது காலையில் குடிக்கும் மோகிங்கா மீன்குழம்பு நூடுல்ஸோடு சேர்ந்து உடம்பில் ஊறிவிட்டது. அம்மாவுக்கு இது நிறைய உண்டு. எனக்கு அதைவிட நிறைய. என் அக்கா மீனாவுக்கு மட்டும் மருந்துக்குக்கூடக் கிடையாது. கேட்டால், "எம் பங்கையும் சேர்த்து நீதானேடா தின்னுட்டே" என்பாள்.

இந்த அக்கா சிங்கப்பூரில் நர்ஸாக வேலை பார்த்தபோது ஜேம்ஸ் என்ற இங்கிலாந்துக்காரரைப் பார்த்து, பிடித்துப்போய், வீட்டில் நேரடியாகச் சொல்லிவிட்டாள். அம்மா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், மாப்பிள்ளைக்கு இட்லி பிடிக்குமா என்று கேட்டாள். ஊரில் வெளிநாட்டுப் பயணிகள் தாராளமாக வந்துபோன காலம் அது. நிச்சயதார்த்தத்துக்காக ஜேம்ஸும் அவருடைய அப்பா தாமஸும் யாங்கூனுக்கு வந்து இறங்கினார்கள்.

தாமஸ் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வடக்கு இங்கிலாந்தில் மலையும் ஆடுகளும் கல்சுவர்களுமாக உள்ள ஒரு கிராமம். நல்ல உயரம். எதைக் கொடுத்தாலும் "லவ்லி" என்பார். அம்மா போட்ட காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தது. அதையும் "லவ்லி" என்று சொல்லிவிட்டு முழுசாகக் குடித்தார். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். நகரின் நடுவே பபேடான் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டிலேயே ஏற்பாடு. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்பது அம்மாவின் கறாரான உத்தரவு. காலையில் வீட்டுக்குள் சமையல் ஒரு பக்கம், பூ ஒரு பக்கம், எல்லாரையும் விரட்டும் சித்தப்பா ஒரு பக்கம். நடுவில் நெட்டையாகத் தாமஸ், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"கண்ணா, ஊ தாமஸைச் செத்த வெளியே கூட்டிக்கிட்டுப் போ. ரெண்டு தெருவைச் சுத்திக் காட்டிட்டுச் சாப்பாட்டுக்கு வந்துரு" என்றாள் அம்மா. ('ஊ' என்பது பர்மியத்தில் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. சம்பந்தி ஆகப்போகிறவரை வெறும் தாமஸ் என்று சொல்ல அம்மாவுக்கு நாக்கு வரவில்லை.)

என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. நான் மாலை வகுப்பில் ஆங்கிலம் படித்தவன். அதில் 'பிரிட்டிஷ் வாழ்க்கை' என்று ஒரு பாடம் வரும். அதைப் படித்ததிலிருந்து வீட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "வெள்ளைக்காரனுக்கு மழையைப் பத்திப் பேசணும், வரிசையில நிக்கணும், காரணமே இல்லாம நடக்கணும்" என்று எல்லாருக்கும் வகுப்பெடுத்திருந்தேன். தன் அப்பா தினமும் மலையேறுவார் என்று ஜேம்ஸ் வேறு சொல்லிவைத்திருந்தார். நானோ ஊருக்கு வெளியே லைங் தாயாவில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நாற்காலி உத்தியோகம். கம்பெனி பஸ் தெருமுனையில் ஏற்றி, அதே முனையில் இறக்கிவிடும். வருஷக்கணக்கில் நான் நடந்த அதிகபட்ச தூரம் எங்கள் வீட்டு மாடிப்படிதான்.

காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். கரண்ட் அப்போதுதான் வந்திருந்ததால் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வந்தேன். காலில் விசேஷத்துக்கென்று வாங்கிய புது வெல்வெட் செருப்பு. அவர் காலிலும் விசேஷத்துக்கென்று வாங்கிய புதுத் தோல் ஷூ. போட்டுப் பழக்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

அடுத்த தெரு முனையிலேயே ஒரு டீக்கடை. எங்கள் ஊர் டீக்கடை தெரியுமல்லவா, முழங்கால் உயரத்துக்குக் குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் நடைபாதை முழுக்கப் பரவிக் கிடக்கும். தாமஸ் நின்றார்.

"எவ்வளவு அழகான ஸ்டூல்கள்! உட்கார வசதியாக இருக்குமோ?" என்றார். (எங்கள் பேச்சு முழுக்க ஆங்கிலம்தான். என் ஆங்கிலத்தை இங்கே காட்டி மானத்தை வாங்கிக்கொள்ள விருப்பமில்லாததால் எல்லாவற்றையும் தமிழில் சொல்கிறேன்.)

"உங்கள் உயரத்துக்குச் சரிவராது சார்" என்று அன்போடு சொல்லி அழைத்துப் போனேன். இவ்வளவு பெரிய மனிதரை அவ்வளவு சின்ன ஸ்டூலில் உட்காரவைப்பது அவமரியாதை இல்லையா?

சூலே புத்தர் கோயில் தாண்டி, பூங்கா தாண்டி, ஆற்றங்கரைச் சாலைக்கு வந்தோம். பழைய துறைமுகக் கட்டடங்களைக் காட்டினேன். எங்கள் பாட்டனார் மூட்டை தூக்கிய துறைமுகம் அது என்றேன். மெய்யாகவே ஆர்வமாகக் கேட்டார். பிறகு, "இதற்கு அப்பாலும் பார்க்க நிறைய இருக்கிறதா?" என்றார்.

"நிறைய இருக்கிறது சார்!"

"ஓ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "லவ்லி" என்றார்.

அந்த 'ஓ'வுக்கும் 'லவ்லி'க்கும் நடுவே ஒரு பெருமூச்சு இருந்தது. நான் அதை ஆற்றுக் காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டாதாங் புத்தர் கோயிலில் ஷூவைக் கழற்றினார். திரும்ப மாட்டும்போது வெகுநேரம் ஆனது. "வீங்கியிருக்கிறதா சார்?" என்று கேட்க வாய் வந்தது. ஆனால் தினமும் மலையேறுகிறவரிடம் கால் வலிக்கிறதா என்று கேட்பது அவரைக் குறைத்துப் பேசுவது ஆகாதா? என் குதிகாலோ அதற்குள் இரண்டு இடத்தில் உரிந்திருந்தது. பாடத்தில் படித்த பிரிட்டிஷ் ஆளாக என்னை நினைத்துக்கொண்டு நொண்டாமல் நடந்தேன்.

"பசிக்கிறதா சார்?"

"உங்களுக்குப் பசித்தால் சாப்பிடலாம்."

"எனக்கு அப்படியொன்றும் இல்லை சார். உங்களுக்குப் பசித்தால்..."

"இல்லையில்லை, எனக்காக வேண்டாம்."

இப்படி நாலு மோகிங்காக் கடை, இரண்டு சமோசா வண்டி, ஒரு பிரியாணிக் கடையைக் கடந்தோம். பிரியாணிக் கடை வாசலில் இருவருமே கொஞ்சம் மெதுவாக நடந்தோம் என்பது மட்டும் உண்மை.

பசுந்தாங் ஓடைக்கரைக்கு வந்தபோது அவரே பேச ஆரம்பித்தார். தன் ஊரில் மலை உச்சிகளில் மர பெஞ்சுகள் இருக்குமாம். அந்த இடத்தை நேசித்து, பிறகு இறந்துபோனவர்களின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்துப் பெஞ்சில் அடித்துவைப்பார்களாம். கல்லறைக்குப் பதில் காட்சி பார்க்க ஒரு இருக்கை. நடந்து களைத்து வருகிறவர்கள் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்ப்பார்களாம்.

"என் மனைவி பெயரில் ஒன்று இருக்கிறது. அங்கே போனால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். எனக்கு உட்காருவது மிகவும் பிடிக்கும், கண்ணன்."

செத்தவர்களுக்கு இதைவிட நல்ல மரியாதை இருக்க முடியாது என்று அன்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் என் மூளை போன திசையைப் பாருங்கள். பாவம், மனைவி நினைப்பு வந்துவிட்டது, இங்கேயே நின்றால் மனசு உடைந்துவிடுவார், வேகமாக வேறு இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். கண்டோஜி ஏரியை நோக்கி நடையைக் கட்டினேன். அந்த மனிதர் கெஞ்சியது எனக்குக் கதையாகக் கேட்டிருக்கிறது.

ஏரிக்கரையில் பெஞ்சுகள் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை! ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு குடை விரிந்திருந்தது, குடைக்குப் பின்னால் ஒரு காதல் ஜோடி. தாமஸ் ஒவ்வொரு பெஞ்சையும் ஏக்கத்தோடு பார்த்தார். வருங்காலச் சம்பந்தி இப்படிக் காதலர்களை உற்றுப் பார்க்கிறாரே என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. இன்னும் வேகமாக இழுத்துக்கொண்டு போனேன்.

அப்போது மழை பிடித்தது. யாங்கூன் மழை கேட்டுவிட்டா வரும்?

"சின்னத் தூறல்தான்" என்றார் தாமஸ், மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் ஒழுக. என்னிடம் ஒரு குடை இருந்தது. அவர் பக்கம் சாய்த்தேன். அவர் என் பக்கம் தள்ளினார். நான் திரும்பத் தள்ளினேன். கடைசியில் குடை எங்கள் இருவருக்கும் நடுவில், ஆளில்லாத இடத்துக்கு மேலே, கம்பீரமாக நின்றது. அந்த ஓரடி நிலம் மட்டும் நனையவே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது எனக்குத் தெரியாமல் இல்லை. வயிறு மணி அடித்துச் சொன்னது. அம்மா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்பாள். ஆனால் 'நேரமாச்சு' என்றால் விரட்டுவது போலாகாதா? நாளைக்கு அக்கா வாழப்போவது இவர் குடும்பத்தில். என் வாயால் அவள் வாழ்க்கைக்கு ஒரு கெடுதல் வரக் கூடாது. அவர் கையில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்தால் எனக்கு மனசு நோகும் என்று சட்டைக் கைக்குள்ளே மறைத்து வைத்திருந்தாராம். பிற்பாடு சொன்னார்.

ஒருவழியாக ஏரியைச் சுற்றி முடித்தோம்.

"முடிந்துவிட்டதா?" என்றார். குரல் கம்மியது. எனக்கு அதில் ஏக்கம் கேட்டது.

"வேண்டுமானால் இன்னொரு சுற்று போகலாம் சார்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "உங்களுக்கு விருப்பமானால்."

"உங்களுக்கு விருப்பமானால் எனக்கும் விருப்பம் சார்."

இரண்டாம் சுற்று ஆரம்பித்தோம். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

இந்த நேரத்தில் வீட்டில் நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். உறவுக்காரர்கள் எல்லாரும் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். என் போன் சுவரோரம் தொங்கி அடித்துக்கொண்டிருக்கிறது. சித்தப்பா நடுக்கூடத்தில் நின்று, "மாப்பிள்ளையோட அப்பனுக்குச் சம்பந்தம் புடிக்கலை. இந்நேரம் ஏர்போர்ட்டுல இருப்பாரு. நான் அப்பவே சொன்னேன்" என்றிருக்கிறார். (அவர் எப்பவும் ஒன்றும் சொன்னதில்லை.) அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் கிசுகிசு ஆரம்பித்துவிட்டது. அக்காதான் எழுந்திருக்கிறாள். "அவனுக்குத் தெரிஞ்ச ஒரே இடம் கண்டோஜி. சின்ன வயசுலேர்ந்து விருந்தாளிங்களை அங்கதான் இழுத்துக்கிட்டுப் போவான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி டாக்சி பிடித்திருக்கிறாள்.

இரண்டாம் சுற்றின் நடுவில், மழைக்குள்ளே ஒரு டாக்சி கிறீச்சிட்டு நின்றது. கதவைத் திறந்து என் அக்கா இறங்கினாள். அரக்குப் பட்டுச்சேலை, கழுத்தில் நகை, பாதித் தலைக்கு மட்டும் பூ. காதலர்கள்கூடக் குடையை விலக்கிப் பார்த்தார்கள்.

என்னை ஒரு முறை பார்த்தாள். அதற்கு மேல் பார்த்தால் அடித்துவிடுவோம் என்று அவரிடம் திரும்பினாள்.

"மாமா, கால் வலிக்கிறதா?"

"அப்படிப் பெரிதாகச் சொல்ல முடியாது, ஆனால் ஓரளவுக்கு..."

"வலிக்கிறதா, இல்லையா?"

"வலிக்கிறது" என்றார் தாமஸ்.

"பசிக்கிறதா?"

"மிகவும்."

"எப்போதிலிருந்து உட்கார வேண்டும் போலிருக்கிறது?"

அவர் என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பதுபோல மெல்லச் சொன்னார்: "அந்த முதல் டீக்கடையிலிருந்து."

"எனக்கும்தான்" என்றேன். வாயை மீறி வந்துவிட்டது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் சிரித்தவர் அவர்தான். நடு ரோட்டில், கொட்டும் மழையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய மனிதர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் ஏறுங்க" என்றாள். அப்புறம் டாக்சிக்குள் திரும்பி உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவு பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்குள் நுழையும்போது நாலு மணி தாண்டிவிட்டது. தாமஸின் கால்சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். சித்தப்பாவின் லோஞ்சியை, அதாவது பர்மியக் கைலியை, கட்டிவிட்டோம், அது அவருக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பாயில் உட்காரவைத்தோம். அந்த 'அப்பாடா'வை இங்கிலாந்தில் கேட்டிருப்பார்கள். தட்டு மாற்ற நேரம் வந்தது. "எழுந்திருங்க சம்பந்தி" என்றார் சித்தப்பா. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. தூக்கிவிடப் போன என்னாலும் முடியவில்லை. ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா சட்டென்று அவர் எதிரில் உட்கார்ந்து தட்டை நீட்டிவிட்டாள். வெற்றிலை பாக்கு கை மாறியது. அக்காவுக்கு நிச்சயமானது.

எங்கள் உறவில் சிலர் இன்றைக்கும், இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டுதான் தட்டு மாற்றுவார்கள் என்று நம்புகிறார்கள். யாரும் திருத்தவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. அக்கா இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷம் நிச்சயதார்த்த நாளன்று ஒரு படம் அனுப்பினாள். தாமஸ் மாமாவின் தோட்டம், கல்சுவர், பின்னால் பச்சை மலை, ஆடுகள். சுவரோரம் ஒரு புது மர பெஞ்சு. அதில் பித்தளைத் தகடு. தகட்டில், 'கண்ணனுக்கு. இரண்டு பேருமே உட்கார்ந்திருக்கலாம்.'

நான் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் காட்டினேன். தகட்டில் பெயர் பொறிப்பது யாருக்கு என்பதை அம்மாவுக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தவனும் நான்தான்.

"உசிரோட இருக்கற புள்ளைக்கா!" என்று அலறிக்கொண்டு என்னை அப்படியே கோயிலுக்கு இழுத்துப் போனாள். அர்ச்சனை, திருஷ்டிப் பூசணிக்காய், எல்லாம். "அந்தத் தகட்டை எடுக்கச் சொல்லும்மா, ஒரு வார்த்தைதானே" என்றேன். அம்மா பதறிவிட்டாள். "ஆசையா செஞ்சிருக்காரு. சம்பந்திகிட்ட போயி எப்படிடா சொல்றது? ஆனாடே இல்லையா?"

அதனால் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தாமஸ் மாமா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வீடியோவில் கூப்பிடுவார். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "பெஞ்சு லவ்லி, ஊ தாமஸ், ரொம்ப லவ்லி" என்பாள். போனை வைத்த கையோடு, என் ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும் என்று தலையைச் சுற்றிக் கற்பூரம் கொளுத்துவாள். அது அணையும்வரை என்னை உட்கார விடமாட்டாள்.