கருங்குளம் தாண்டினால் மணி அடிக்கும்

திருநெல்வேலிச் சீமையில் மின்சாரத்தையே காத்திருக்க வைத்த ஒரே மனிதர் எங்கள் பைய அண்ணாச்சிதான். வண்ணார்பேட்டையில் பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போகிற ரோட்டில், டயர் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் உட்கார்ந்து வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறார். பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்ததில் யாருக்குமே தெரியவில்லை. யார் அவசரம் என்று ஓடி வந்தாலும் "பைய வே, பைய" என்பார். மெதுவாக என்பதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஒருநாள் அவர் கண்ணெதிரே ஒரு ஆட்டோவுக்குள் ஒயர் புகைந்தது. அதற்கும் "பைய, பைய" என்றார். டயர் கடைக்காரர்தான் ஓடி வந்து மண்ணை அள்ளிப் போட்டார்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க டிக்கெட் போடலாம். முதலில் ஒரு தலைவாழை இலையை விரிப்பார். வண்டியிலிருந்து கழற்றிய ஃபியூஸ், ரிலே எல்லாவற்றையும் அதில் பரிமாறுவார். உப்பு வைக்கிற மூலையில் சின்னது, கூட்டுக்கும் பொரியலுக்கும் உரிய இடத்தில் நடுத்தரம், சோறு விழுகிற இடத்தில் பெரிய ரிலே. இலை நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும். நான் ஒருநாள் தெரியாமல் இலையைத் திருப்பிவிட்டேன். "ஏன் வே, உம்ம வீட்டுல இப்படித்தான் இலை போடுவாவளா?" என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பொட்டு விஷயம் தனி. புதுச் சாமான் எதுவானாலும் சந்தனப் பொட்டு வைத்துத்தான் வண்டிக்குள் மாட்டுவார். சட்டைப் பையில் ஒரு எவர்சில்வர் டப்பா, அதற்குள் குழைத்த சந்தனம். ஒருமுறை கழற்றி மாட்டிய சாமானும் அவர் கணக்கில் புதுச் சாமான்தான். பல்புக்கு மட்டும் கண்ணாடியில் வைக்கமாட்டார், அடியில் வைப்பார். ஏன் என்று கேட்டேன். "மூஞ்சியில வச்சா வெளிச்சத்தை மறைக்கும்லா? அதான் பாதத்துல வைக்கேன்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

இனி என் வண்டிக்கு வருகிறேன். எனக்கு ஆழ்வார்திருநகரி பக்கம் கொஞ்சம் வாழைத் தோட்டம் உண்டு. தார் ஏற்ற ஒரு பிக்கப் வண்டி வாங்கினேன். பழசுதான், ஆனால் ஏகப்பட்ட வசதி உள்ள வண்டி. எஞ்சின் ஓடினாலே பின்விளக்கும் எரியும். விளக்கு எரியாவிட்டால் முன்னால் மஞ்சளாக ஒரு எழுத்து வரும், கூடவே டிங் டிங் டிங் என்று மணி அடிக்கும். வாங்கிய மாதமே இடதுபக்கப் பின்விளக்கு போனது, மணி அடித்தது. ஆகா, வண்டிக்கு என்ன புத்தி என்று பூரித்துப்போனேன். அண்ணாச்சியிடம் போய்ப் புது பல்பு மாட்டினேன். மணி நின்றது.

மறுநாள் காலை நானும் என் மனைவி கோமதியும் கிளம்பினோம். அவள் ஆழ்வார்திருநகரியில் பள்ளிக்கூட ஆசிரியை, தினமும் என்னோடுதான் வருவாள். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர் எல்லாம் சுகமாகப் போனோம். கருங்குளம் தாண்டியதும் டிங் டிங் டிங்.

"கதவைச் சரியாச் சாத்துனீங்களா?" என்றாள்.

"கதவு இல்லட்டி, விளக்கு."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின்விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. முன்னால் வந்து பார்த்தால், விளக்கு எரியவில்லை என்கிறது வண்டி. திரும்பப் பின்னால் போனேன், எரிகிறது. இப்படி நான் நாலு தரம் வண்டியைச் சுற்றியதைப் பார்த்துவிட்டு, "பிரதட்சணம் முடிஞ்சா சொல்லுங்க, எனக்கு முதல் பீரியட் இருக்கு" என்றாள் கோமதி.

சாயங்காலம் அண்ணாச்சியிடம் போனேன்.

"விளக்கு எரியுதா?"

"எரியுது அண்ணாச்சி."

"பொறவு என்னத்துக்கு எரியலேங்குது?"

"அதைத்தானே நான் உங்ககிட்ட கேக்கேன்!"

"பைய வே. நான் வண்டிகிட்டல்லா கேட்டேன்."

பல்பைக் கழற்றினார், துடைத்தார், பொட்டு வைத்தார், மாட்டினார். மணி நின்றது. மறுநாள் கருங்குளம் தாண்டியதும் டிங் டிங் டிங். பல்பையே மாற்றினார். மணி நின்றது. மறுநாள் கருங்குளம், டிங் டிங் டிங். ஃபியூஸ், ஒயர், ஹோல்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றினார். கடையில் ஊமையாக இருக்கிற வண்டி கருங்குளத்தைக் கண்டால் வாய் திறந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜூஸ் கடைக்காரர், அங்கன ரோட்டோரத்தில் ஏதாவது சாமி இருக்கும், ஒரு தேங்காயை உடையும் என்றார். உடைத்தேன். அன்றைக்கும் அடித்தது. கோமதி மணிச் சத்தத்துக்கு நடுவே பரீட்சைப் பேப்பர் திருத்தப் பழகிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் டயர் கடைக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "என்ன அண்ணாச்சி, மணி இன்னும் அடிக்காம்லா? இந்தப் புது வண்டியெல்லாம் கம்ப்யூட்டர் வச்சுப் பாக்கணும், உங்களுக்குச் சரிப்படாது" என்றார்.

அண்ணாச்சி கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார். "ஏலே, கேட்டுக்கோ. இந்த மணியை நான் நிப்பாட்டலேன்னா கடையைச் சாத்திட்டு மக வீட்டுக்குப் போயிருதேன். சத்தியம்."

தூத்துக்குடியில் இருக்கிற மகள், கடையை மூடிவிட்டு வந்து எங்களோடு இரும் என்று வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறாள் என்பது தெரு முழுக்கத் தெரியும். இவர் அங்கே போய் என்ன செய்வார்? மாப்பிள்ளையின் ஃபிரிட்ஜைக் கழற்றி இலையில் பரிமாறுவாரா? ஒரு பல்பால் வண்ணார்பேட்டை அண்ணாச்சியை இழக்கப்போகிறதே, அதுவும் என் வண்டிப் பல்பால் என்று நினைத்தபோது நிஜமாகவே துக்கமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே ஒரு யோசனை சொன்னார். "நான் பின்னால ஏறி விளக்கைப் பாத்துக்கிட்டே வாரேன். நீரு முன்னால மணியைக் கேளும். ரெண்டு பேருல யாரு பொய் சொல்லுதான்னு பாத்துருவோம்."

வழக்கம்போல் பொட்டு வைத்து மாட்டிவிட்டு, வண்டியின் பின்பெட்டியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்தார். தலையை வெளியே தொங்கவிட்டு விளக்கையே பார்த்தபடி வந்தார். என்னோடு பேசக் காதில் போன். செய்துங்கநல்லூரில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"யாரு அது? ஆசுபத்திரிக்கா?"

"இல்லை சார், வயரிங் பாக்கிறவர். விளக்கு எரியுதான்னு பாத்துட்டு வாராரு."

போலீஸ்காரர் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எரியத்தானே செய்யுது!"

"ஆமா சார். ஆனா எரியலன்னு வண்டி சொல்லுது."

அவர், அந்தப் பெரியவரை முன்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு, எங்களிடம் இதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்க விரும்பாதவராக நிழலுக்குப் போய்விட்டார்.

கருங்குளம் தாண்டினோம். டிங் டிங் டிங். வண்டியை ஓரம் கட்டினேன். அண்ணாச்சி இறங்கிப் போய்ப் பல்பைக் கழற்றினார். சூடு. துண்டில் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில் சட்டைப் பையைத் தடவினார். சந்தன டப்பா இல்லை. குப்புறப் படுத்து வந்ததில் வழியில் எங்கேயோ விழுந்திருக்கிறது. "சவத்து டப்பா" என்று முனகிவிட்டு, பல்பின் அடியைத் துண்டால் அழுத்தித் துடைத்து அப்படியே மாட்டினார். பொட்டு இல்லாமல் அவர் மாட்டிய முதல் பல்பு அதுவாகத்தான் இருக்கும்.

ஆழ்வார்திருநகரி வந்தது. மணி அடிக்கவில்லை. திரும்பினோம். கருங்குளம், செய்துங்கநல்லூர், பாளையங்கோட்டை, சத்தமே இல்லை. எனக்கோ கும்மாளம். "அண்ணாச்சி, ஜெயிச்சுட்டீங்க! எப்படி நின்னுச்சு?" என்று கத்தினேன். அவர் மடியில் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அதில் காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக ஒட்டியிருந்தது.

"பொட்டு ஈரமா இருக்கும்போது கரண்டை விடும். ஓடிச் சூடானா காஞ்சிரும். கருங்குளம் போறதுக்குள்ள காஞ்சிரும் போல. விளக்கு எரியுததுக்குப் போதும், ஆனா கரண்டு கம்மியாப் போகும். இந்த வண்டி அதை அளந்து பாத்துட்டு, பல்பே இல்லேன்னு நினைச்சுக்கிடுது" என்றார். அப்புறம் அந்தத் துண்டை மடித்து வைத்தார். "நாப்பது வருசமா வைக்கேன் வே. பழைய வண்டிக்கெல்லாம் வாய் கிடையாது. அம்புட்டும் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டுல்லா ஓடியிருக்கு!"

மணி நின்றுவிட்டது. அப்படியும் மறுநாள் கடை திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நாலாம் நாள் டயர் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். பாவம், அவர் முகத்தில் ஈயாடவில்லை. "தூத்துக்குடிக்குப் போறாராம் அண்ணாச்சி. கோளாறைச் சரி பண்ணுதவன் கையே கோளாறுன்னா கடை எதுக்குன்னு கேக்காரு. நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. பொய் சொல்வதற்கு எனக்குப் பெரிதாக யோசனை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அண்ணாச்சி, மணி திரும்ப அடிக்கு."

"பொட்டு இல்லாமலா?"

"பொட்டு இல்லாமத்தான்."

"எங்கன?"

"அதே கருங்குளம்."

அவர் கண்ணில் பழைய வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். இந்தத் தடவை முன்சீட்டில், மணி அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு. பாளையங்கோட்டை போனது. செய்துங்கநல்லூர் போனது. பாழாய்ப்போன மணி, வேண்டாம் வேண்டாம் என்ற நாளெல்லாம் அடித்ததே, இன்றைக்கு ஒரே ஒரு தரம் அடிக்கக் கூடாதா? ஒரு நப்பாசையில் வேகத்தைக் குறைத்துக்கூடப் பார்த்தேன். கருங்குளம் வந்தது. தாண்டியது. ஒரு சத்தமும் இல்லை.

அண்ணாச்சி மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"அடிக்கத்தான் செய்யுது வே" என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"உமக்குக் காது கேக்கலையா? நல்லா அடிக்கு. இது பெரிய கோளாறு. நாலு நாள்ல தீராது. வண்டியைத் திருப்பும், கடையைத் திறக்கணும்." வெளியே பார்த்துக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். "பைய."

பெட்டி அன்று சாயங்காலமே கயிறு அவிழ்ந்தது. பொட்டு இப்போது விளக்கின் வெளிக்கண்ணாடி ஓரத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல். என் வண்டி சனிக்கிழமைதோறும் அந்தக் கடையில் போய் நிற்கிறது. அண்ணாச்சி இலை விரிக்கிறார், ஃபியூஸ்களைப் பரிமாறுகிறார், காதை வைத்துக் கேட்கிறார், இன்னும் இருக்கு என்று தலையாட்டுகிறார். டயர் கடைக்காரரும் வந்து கேட்டுவிட்டு, ஆமாம் இருக்கத்தான் செய்கிறது என்கிறார்.

இதெல்லாம் கோமதிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். போன சனிக்கிழமை நான் சாவியை எடுத்தபோது பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அந்தக் கோளாறு மட்டும் தீந்துராமப் பாத்துக்கோங்க."