அப்பாதுரையின் கையில் இருந்த மீன்

காணாமல்போன ஏரிகளைக் கண்டுபிடித்தே தீருவது என்று அரசாங்கம் முடிவெடுத்தால் அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஏரிகள் எங்கே போயின என்று ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் விரல் நீட்டிக் காட்டிவிடும். ஆனால் அது முறையான கண்டுபிடிப்பு ஆகாது. ஆகவே விழுப்புரத்தில் ‘மறைந்த நீர்நிலைகள் கண்டறிதல் மற்றும் மீட்டெடுத்தல் சிறப்புப் பிரிவு’ என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். பெயர்ப்பலகை வாசலைவிட நீளமாகிவிட்டதால் பாதியை வாசலிலும் மீதியைப் பக்கவாட்டுச் சுவரிலும் மாட்டியிருந்தார்கள்.

அலுவலகத்தின் வேலை எளிது. பழைய புகைப்படங்களைச் சேகரித்து, அவற்றில் தண்ணீர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பாழாய்ப்போன பழைய படங்களோ கறுப்பு வெள்ளை. அவற்றில் தண்ணீரும் சாம்பல், தரையும் சாம்பல். அதனால் கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தானாகவே வண்ணம் போடும் மென்பொருளின் துணையை நாடினார்கள். நீலமாக வந்தால் ஏரி, வராவிட்டால் ஏரி இல்லை. இதைவிட நேர்மையான முறை இருக்க முடியாது என்று தனி வட்டாட்சியர் சித்தார்த்தன் மனதார நம்பினார். மனிதன் பொய் சொல்வான், கம்ப்யூட்டர் சொல்லாது என்பது அவர் கட்சி.

இந்த விவரமெல்லாம் சின்னதுரைக்குத் தெரியாது. விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குக் கொஞ்ச தூரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி அவருக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம். மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுவார், கேப்பை போடுவார். அந்த நிலத்தை விட்டால் அவருக்கு இருந்த ஒரே சொத்து வீம்பு. மகள் பானுப்ரியாவின் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தபோது அந்த வீம்பு தலைதூக்கியது. இப்போதெல்லாம் பேனர் வைக்காவிட்டால் காதில் துளையே விழாது என்பது போலாகிவிட்டது. பேனரின் மேல் மூலையில் செத்துப்போன பெரியவர்கள் ஆசி வழங்க வேண்டும், அதுவும் கலரில் வழங்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் தன் பாட்டனையே கலரில் போட்டுவிட்டார். சின்னதுரைக்கு மட்டும் அப்பா இல்லையா?

இருந்தார். அப்பா அப்பாதுரையின் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வீட்டில் இருந்தது. மல்லாட்டை பிடுங்கி முடித்த நிலத்தில், தலையில் முண்டாசோடு, ஒரு கொத்து மல்லாட்டைச் செடியைக் காய் தொங்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதை எடுத்துக்கொண்டு சின்னதுரை திண்டிவனத்தில் சவுரிராயன் ஸ்டுடியோவுக்குப் போனார். சவுரிராயன் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு தட்டு தட்டினார்.

“பாத்துக்கங்கண்ணா. ஆளு உசுரோட எழுந்து வந்துக்கினு இருக்காரு.”

வந்தவர் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தார். முண்டாசு பட்டாகப் பளபளத்தது. பின்னால் நிலம் முழுவதும் நீலம். கையில் தொங்கிய மல்லாட்டைக் காய்கள் வெள்ளி போல மின்னின.

“பின்னாடி என்னாப்பா நீலமா இருக்குது?”

“அது கம்ப்யூட்டர் போட்டதுண்ணா, நம்ம கையே படல. பளிச்சுனு இருக்குதா, இல்லியா?”

“இருக்குது.”

“அப்புறம் என்னா?”

சின்னதுரையின் மனைவி வடிவு பேனரைப் பார்த்ததும் முகவாயில் கை வைத்தாள். “மாமா கேப்பைக் களி நெறமாச்சே. எப்பங்க இவ்ளோ செவப்பா இருந்தாரு?”

“செவப்பாதான் இருந்தாரு. வெயில்ல கறுத்துட்டாரு,” என்றார் சின்னதுரை. சொல்லும்போது அவருக்கே அது உண்மை என்று தோன்றியது.

பேனர் நிலத்தின் ஓரத்தில், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி ஏறியது. காதுகுத்து முடிந்து பிள்ளை அழுது ஓய்ந்த மறுநாள், அந்த வழியாகப் போன அரசு ஜீப் ஒன்று சடாரென்று நின்றது. உள்ளே இருந்தவர் சித்தார்த்தன். பேனரைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார், படம் பிடித்துக்கொண்டார். பொறுப்பில் அமர்ந்ததிலிருந்து ஓர் ஏரியும் சிக்காமல் மேலிடத்தில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் அவர். பேனருக்குப் பின்னால் காய்ந்து கிடந்த நிலத்தை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த வாரமே நோட்டீஸ் வந்தது. சின்னதுரை நீர்நிலையை ஆக்கிரமித்துப் பயிர் செய்துவருவதாகவும், ஏன் அவரை வெளியேற்றக் கூடாது என்று நேரில் வந்து விளக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.  சின்னதுரை பட்டா, சிட்டா எல்லாவற்றையும் மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு விழுப்புரம் ஓடினார்.

“இது பட்டா நிலம் சார். எங்க அப்பா காலத்துலேர்ந்து எங்க பேருலதான் இருக்குது.”

சித்தார்த்தன் பட்டாவைப் புரட்டினார். “இது கறுப்பு வெள்ளையில இருக்கு. எங்ககிட்ட இருக்கிறது வண்ணச் சான்று.”

“அது மல்லாட்டைக் கொல்லை சார்!”

“அப்படியா? அப்ப உங்க அப்பா கையில என்னய்யா வச்சிருக்காரு?”

“மல்லாட்டை சார்.”

“நல்லாப் பாரு. வெள்ளியா மின்னுது. கொத்தா தொங்குது. மீன்! ஏரி இல்லாம மீன் எங்கேருந்து வந்துது?”

 சின்னதுரை சுவரைப் பார்த்தார். அங்கே அந்த அலுவலகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது எடுத்த பழைய படம், வண்ணம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. பிரமுகர்கள் வரிசையாகப் பச்சைப் புல்தரையில் நின்றார்கள். எல்லாரும் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அந்த இடம் தாமரை ஏரி என்பதும், பாதியைத் தூர்த்துத்தான் கட்டடம் எழும்பியது என்பதும் விழுப்புரத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

“சார், இவங்கல்லாம் ஏன் வேட்டிய தூக்கிக்கினு நிக்கிறாங்க?”

சித்தார்த்தன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். “புல்லு ஈரமா இருந்திருக்கும்,” என்றார்.

சின்னதுரை திண்டிவனத்துக்குப் பறந்தார். ஜல்தியாக அந்த நீலத்தை எடு என்று சவுரிராயன் கழுத்தைப் பிடிக்காத குறை. சவுரிராயன் மென்பொருளிடம் மன்றாடி நிலத்தைப் பச்சையாக்கிக் கொடுத்தார். சித்தார்த்தன் அதைப் பார்த்துத் தலையசைத்தார். “பச்சைன்னா மேய்ச்சல் புறம்போக்கு. அதுவும் அரசு நிலம்தான்.” மறுபடி திண்டிவனம். இந்த முறை செம்மண் நிறம். “சிவப்புன்னா மண் அள்ளின இடம். கனிமவளத்துக்கு எழுதணும். கேஸ் ஆயிடும், பரவாயில்லையா?”

பஸ்ஸில் போய்ப் போய் வந்த அலுப்பும் பயமும் சேர்ந்து சின்னதுரைக்குக் கண்ணில் நீர் முட்டியது. “சார், எங்க அப்பா அந்த மண்ணுலேயே கெடந்து கறுத்துப்போன மனுசன். செவப்புனு நான்தான் பொய் சொன்னேன். அத வேணா எழுதிக்குங்க. நெலத்த மட்டும் வுட்டுடுங்க. இல்லாட்டி ஒண்ணு சொல்லுங்க. பட்டா நெலம் என்னா கலர்ல இருக்கணும்? அந்தக் கலர்லயே போட்டுக்கினு வர்றேன்.”

 தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்பிகா கையை நிறுத்தினாள். இந்தக் கேள்விக்கு அரசாணை எதுவும் இல்லை என்பது சித்தார்த்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. ‘பட்டா நிலத்தின் நிறம் குறித்துத் தெளிவுரை வேண்டுதல்’ என்று பொருள் குறிப்பிட்டு, உடனே சென்னை மேலிடத்துக்கு எழுதினார். பதில் வரும்வரை சின்னதுரை நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று வாய்மொழியாக உத்தரவும் போட்டார்.

பதிலுக்கு முன் புயல் வந்தது. தாமரை ஏரிக்குத் தன் பழைய இடம் நன்றாக நினைவிருந்தது. மழை விட்டபோது அலுவலகத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். மேசைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. சுவரில் பிரமுகர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்கள். அவர்களுக்கு மட்டும் இது முன்பே தெரிந்திருந்தது.

“வேற இடம் பாக்கணுமே சார்,” என்றாள் அம்பிகா.

“நம்ம கட்டுப்பாட்டுல இருக்கிற இடமாப் பாரு. தனியார் இடம்னா அனுமதி வாங்கணும்.”

அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவர்களே மீட்டெடுத்த ஏரி. ஆகவே ஏரியைக் காக்கும் அலுவலகம், ஏரியில் மூழ்கி, தப்பிப் பிழைத்து, சின்னதுரையின் நிலத்தில் குடியேறியது. ஷாமியானா போட்டார்கள். மேட்டு நிலம், ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. சித்தார்த்தன் நடுவில் மேசை போட்டு, கால்மேல் கால் போட்டு அமர்ந்து, நீர்நிலைகளைக் காத்துவந்தார்.

தன் நிலத்துக்குள் போகக் கூடாதென்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்டு சின்னதுரை வரப்பில் நின்றார். வடிவுக்கு உத்தரவு எதுவும் வராததால் அவள் நேரே உள்ளே போய், ஒரு தட்டில் வறுத்த மல்லாட்டையை மேசைமேல் வைத்தாள். சித்தார்த்தன் நாலு வாய் போட்டுவிட்டு, “நல்லா இருக்கேம்மா, எந்த ஊரு சரக்கு?” என்றார்.

“தோ, உங்க ஏரியில புடிச்ச மீனுதான் சார்,” என்றாள் வடிவு.

அவருக்குப் புரை ஏறியது. அதே சமயம் பார்த்து ஒரு மாலைப் பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். வெள்ளத்திலும் மக்கள் பணி என்று செய்தி வந்தது. படம் மட்டும் கறுப்பு வெள்ளை. சென்னை மேலிடத்துக்கு இந்தச் செய்தியில் பெருமை பொங்கிவிட்டது. கோப்பில் வைக்க வண்ணப் படமாக இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று அதே மென்பொருளில் போட்டுத் தட்டினார்கள்.

சுற்றிலும் நீலமாக வந்தது. மேசைகள் படகு நிறத்தில் வந்தன.

அடுத்த நாள் சித்தார்த்தன் பெயருக்கே ஒரு நோட்டீஸ் வந்தது. நீர்நிலையை ஆக்கிரமித்து அலுவலகம் நடத்துவது ஏன், படகுகள் யாருடைய அனுமதியோடு வாங்கப்பட்டன, பணியிடை நீக்கம் ஏன் செய்யக் கூடாது. அவர் அதைப் படித்து முடித்துவிட்டு வரப்பைப் பார்த்தார்.

“அண்ணா, ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க, உக்காருங்க.”

“உத்தரவு இல்லீங்களே சார்.”

“நான்தாண்ணா உத்தரவு! இது உங்க பட்டா நிலம்னு ஊருக்கே தெரியும். நீங்களா மனசு வந்து இடம் குடுத்தீங்கன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க, எனக்குப் பேஜாரு தீந்துடும்.”

“குடுத்துடலாம் சார். ஆனா அப்பா கையில மீனு இருக்குதே?”

“மல்லாட்டைண்ணா! தின்னு பாத்துட்டுத்தான் சொல்றேன்!”

அன்றைக்கே சான்றிதழ் தயாரானது. மேற்படி நிலம் எக்காலத்திலும் நீர்நிலையாக இருந்ததில்லை என்றும், மேற்படி அப்பாதுரை கையில் வைத்திருப்பது நிலக்கடலையே என்றும், இது நேரடிச் சோதனையில் உறுதி செய்யப்பட்டது என்றும் சித்தார்த்தன் கையொப்பமிட்டு முத்திரை குத்தினார். தண்ணீர் வடிந்ததும் அலுவலகம் தன் ஏரிக்கே திரும்பிப் போனது. பட்டா நிலத்தின் நிறம் பற்றி மேலிடத்திலிருந்து இன்றுவரை தெளிவுரை வரவில்லை.

சின்னதுரை நிலத்தில் இறங்கி, குனிந்து, ஒரு பிடி மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஜெயித்த மனுசன் சும்மா இருப்பாரா? அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் போய் இறங்கினார்.

“நெலத்த மீட்டதுக்கு அப்பாவுக்கு நன்றி சொல்லி ஒரு பேனர் போடணும்ப்பா.”

சவுரிராயன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். “அண்ணா, கறுப்பு வெள்ளையிலயே வச்சிடலாங்கண்ணா.”

“ஊருல எவனாச்சும் மதிப்பானா? போன தபா நீலம்தான் தப்பாப் போச்சு. இந்த தபா பின்னாடி மலை வையி, பெரிய பெரிய மரமா வையி. எடுப்பா ரெண்டு மானும் வுட்டுடு. அப்பா செவப்பு மட்டும் கொறையக் கூடாது.”

முன்னதைவிடப் பெரிய பேனர் அதே இடத்தில் ஏறியது. வடிவு பார்த்தாள். வீட்டுக்குப் போய் மல்லாட்டை வறுக்கச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

நெடுஞ்சாலையில் வனத்துறை ஜீப் ஒன்று வேகம் குறைந்து நின்றது. இறங்கியவர் மலையைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், மான்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்துப் பேனரைப் படம் பிடித்தார். பின்னால் கிடந்த நிலத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

சின்னதுரையும் திரும்பவில்லை. அவர் அந்த அதிகாரியின் தோளுக்குப் பின்னால் எக்கி நின்று, செல்போனில் அப்பா செவப்பாக விழுந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.