மோட்டார் அண்ணனின் குறட்டை

போடி ஏலக்காய்ச் சந்தையில் தூங்கிக்கொண்டே விலையைத் தீர்மானித்தவர் மோட்டார் அண்ணன் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

ஏல அரங்கில் வியாபாரிகள் நாங்கள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது குவியலுக்கும், கைக்கு வரும் மாதிரிக் காயை உருட்டிப் பார்த்து விலை கேட்போம். அண்ணன் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். அவர் குறட்டையில் தட்டிலிருக்கும் காய் நடுங்கும். குறட்டை சட்டென்று நின்றால் அரங்கமே உஷாராகும்.

"நிறுத்திட்டாகய்யா! கேக்கப் போறாக, ஏத்து ஏத்து!"

அண்ணன் கேட்டால் அது நல்ல காய். போட்டி போட்டு ஏற்றுவோம். அவரோ 'ஹக்' என்று துள்ளி விழித்து, "எந்த லாட்டுப்பா ஓடுது?" என்பார். என்ன நடிப்பு என்று வியப்போம்.

ஒருநாள் அப்படித் துள்ளியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தேனிக்குக் காரில் கொண்டுபோனேன்.

டாக்டர் சொன்னார்: "தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நிக்குது. ரத்தத்துல ஆக்ஸிஜன் இறங்குது. உடம்பு பதறி ரத்தக்குழாயை இறுக்குது, பிரஷர் எகிறுது. ஒவ்வொரு தடவையும் அடி வாங்குறது இதயம்."

"நான் உக்காந்து தூங்க, அது மட்டும் போடிமெட்டு ஏறுதாக்கும்?" என்றார் அண்ணன்.

குறட்டை நின்றதென்று நாங்கள் காய்க்கு விலை ஏற்றிய நேரமெல்லாம் அந்த இதயம் தன்னந்தனியாக மலையேறியிருக்கிறது!

இப்போது வீட்டில் காற்றூதும் முகமூடி மாட்டித் தூங்குகிறார். அரங்கில் முழு விழிப்பு. விலை எப்போது ஏறுமென்று எங்களுக்குத்தான் பிடிபடவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். எட்டாவது படிக்கும் என் மகன் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்க வாரிசு!" என்று சிரித்தேன்.

குறட்டை நின்றது. அண்ணன் சிரிக்கவில்லை. பாய்ந்துபோய் அவனை உலுக்கினார்.

"ஏலே, எந்திரி! மூச்ச விடுடா!"

என் கையிலிருந்த பாயசம் தரையில் கொட்டியது.

"அசதியா இருக்கும்ணே..."

"என்னய நடிப்புன்னீக, இவன அசதிங்கிறியா? நாளைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டு வா. நானும் வாரேன்."

மகனுக்கு மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து மூச்சை அடைத்திருந்தது. இதயத்தைத் தொடும் முன்பே அதை எடுத்துவிட்டார்கள்.

தினமும் காலையில் அண்ணன் போன் வரும்.

"பய நல்லாத் தூங்குனானா?"

"தூங்குனாண்ணே."

"சரி, வைக்கிறேன்."

"இருங்கண்ணே" என்பேன். "நீங்க?"