கோணல் சாரும் ரோசம்மாவின் வரப்பும்

மழை வந்தால் மனித குலம் முழுவதும் உள்ளே ஓடும். வெளியே ஓடிய ஒரே மனிதர் எங்கள் கோணல் சார். திருவனந்தபுரத்தில் பாதி வருஷம் மழை என்பதால் பாதி வருஷம் அவரை அலுவலகத்தில் பார்க்க முடியாது. மீதி நாளெல்லாம் மழை வருமா என்று பார்க்கப் போயிருப்பார்.

மண் பாதுகாப்பு அலுவலகத்தில் அவர் களத்துக்கு, நான் கோப்புக்கு. மலைச்சரிவு விவசாயிகளிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, வரப்புக் கட்டி, மழைக்குழி வெட்டி, மண் ஓடிப்போகாமல் தடுப்பது அவர் வேலை. அதைப் பற்றிய காகிதங்கள் மேசையை விட்டு ஓடிப்போகாமல் தடுப்பது என் வேலை. இரண்டில் எனக்குத்தான் வெற்றி அதிகம்.

அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. வாங்கிய நாளில் இருந்த பளபளப்பு மாறாமல் இருந்தது. டீயை நின்றுகொண்டே குடிப்பார்; கையெழுத்தை நடந்துகொண்டே போடுவார். என் மேசையைத் தாண்டும்போதெல்லாம், "ஓய் ஃபைலு, எந்திரியும். உக்காந்த எடத்துல வேரு விட்டுரும்" என்பார். எனக்கு ஒரு பெயர் உண்டு என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் பெயருக்குக் காரணம் அவர் போடும் கோடுகள். கூரை முகடு மாதிரி கட்டிய மூன்று கம்பு, நடுவே நூலில் தொங்கும் ஒரு கல். இதுதான் அவர் கருவி. பேருந்தில் அது வந்தால் கூடவே தகராறும் வரும். இதை வைத்துச் சரிவில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைக் கண்டுபிடித்து முளை அடிப்பார். முளைகளைச் சேர்த்தால் வருகிற கோடு, மலை வளைகிற இடத்திலெல்லாம் தானும் வளையும். அந்தக் கோட்டில் வரப்புக் கட்டினால் தண்ணீர் சமமாக நின்று மண்ணுக்குள் இறங்கும். நேராகக் கட்டினால் எல்லாத் தண்ணீரும் பள்ளத்தில் கூடி, அங்கே உடைத்துக்கொண்டு போகும்.

இதை நான் கற்ற இடம் கல்யாணப் பந்தி. சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தவர் வீட்டுக் கல்யாணம். கோணல் சார் தன் இலையில் சோற்றை வளைத்து வளைத்து ஒரு கரை கட்டினார். சாம்பார் அடக்கமாக நின்றது. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு வேடிக்கை தாங்கவில்லை.

"இதென்ன ஓய், கரையைக் கோணலாக் கெட்டுறீர்?"

"நேராக் கெட்டினா என்ன ஆவும்னு பாக்கணுமா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் மாமனின் இலையில் கையை விட்டு நேர்கோடாக ஒரு கரை போட்டார். பிரதமன் பாயசம் வந்தது. கரையின் நடுவில் கூடியது. உடைந்தது. பட்டு வேட்டிக்குப் போயிற்று.

"பாத்தீரா?" என்றார் கோணல் சார், நிரூபணம் முடிந்த திருப்தியோடு. எங்களுக்கு மோர் பரிமாறப்படவில்லை.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு சோதனை வந்தது. பொன்முடி அடிவாரத்தில் ரோசம்மா. தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டு ஓய்ந்து, சரிவில் ஒரு துண்டு நிலம் வாங்கி மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்தார். ஒவ்வொரு மழைக்கும் அவருடைய மண், கீழ்நிலத்து சாக்கோவிடம் குடிபெயர்ந்துகொண்டிருந்தது.

"என் மண்ணுல அவன் வாழை வைக்கான் சாரே. கொலை தள்ளினா எனக்கு ஒரு சீப்பு தாறான், தர்மம் மாதிரி!"

அடுக்களைக்குப் பின்னால் பாறை தலைகாட்டத் தொடங்கியிருந்தது. இன்னொரு பெருமழைக்காலம் போனால் மரச்சீனி ஊன்ற மண் இருக்காது.

கோணல் சார் முளை அடித்தார். ரோசம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"எந்தா சாரே இது, பாம்பு போன தடம் மாதிரி கெடக்கு? காலையிலயே கொஞ்சம் போட்டுட்டு வந்தீங்களோ?"

"தண்ணி இப்படித்தான் நிக்கும் அக்கா. முளையை மட்டும் மாத்திராதீங்க."

"சரி கேட்டோ" என்றார் ரோசம்மா. வரப்பைக் கட்டி முடித்ததாகச் செய்தியும் வந்தது.

கோடை மழைக்கு நேரம். அலுவலகத்தில் மேலதிகாரி தலைமையில் ஆய்வுக் கூட்டம். கோணல் சார் வழக்கம்போல ஜன்னலோரம் நின்றிருந்தார். திடீரென்று, "மலையில கறுத்துட்டு" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். நான் பின்னால் ஓடியதைக் கடமையுணர்ச்சி என்று நினைக்க வேண்டாம். அவர் எடுத்துக்கொண்டு போனது என் குடை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வரப்பு நடுவில் பிளந்து, செந்நிறத் தண்ணீர் சாக்கோவின் வாழைத் தோப்பைப் பார்த்துப் பாய்ந்துகொண்டிருந்தது. ரோசம்மா நனைந்தபடி நின்று கத்தினார்.

"உங்க பேச்சக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! இருந்ததும் போச்சே!"

கோணல் சார் வரப்பைப் பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது.

"இதை யாரு நேராக்கினது?"

ரோசம்மாவின் குரல் இறங்கியது. "நான்தான். எஸ்டேட்டு நாத்தங்கால்ல கயிறு புடிச்சு வரிசை பாத்த கையாக்கும். பெரிய ஆபீசரு வந்து பாத்தா உங்களைக் கேலி பண்ணுவாருல்லா? சாரு பேரு கெட்டுறக் கூடாதேன்னு..."

கோணல் சார் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குடையைக் கீழே வைத்தார். நடந்துபோய், உடைப்பில், ஓடுகிற தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, கல்லு. ஓய் ஃபைலு, மண்ணு!"

"எழும்புங்க சாரே, சளி புடிக்கும்!"

"நான் எழும்பினா ஒங்க மண்ணும் எழும்பிப் போயிரும். கல்லைப் போடுங்க!"

கோப்பைவிடக் கனமான எதையும் தூக்கியிராத நான் அன்று கூடை கூடையாக மண் சுமந்தேன். ரோசம்மா கல் அடுக்கினார். முதுகில் தண்ணீர் ஏற ஏற, கோணல் சார் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "இடது பக்கம் வளையட்டும், இன்னும் கோணலா, இன்னும்!" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

மழை விட்டதும் பழைய முளைக்குழிகளைத் தேடிப் பிடித்து, வரப்பு முழுவதையும் வளைத்துக் கட்டினோம். பெருமழை வந்தது, வரப்பு நின்றது. ஒருநாள் சாக்கோ குடையோடு மேலேறி வந்து, பால் வரவில்லையே என்று விசாரிப்பதுபோலக் கேட்டார்: "இந்தத் தடவை மண்ணு வந்நில்லல்லோ ரோசம்மே?"

மேலதிகாரியும் வந்தார். "ஏன் இவ்வளவு கோணல்?" என்றார்.

"மலை அப்படித்தான் சாரே கெடக்கு. நேரா வேணும்னா கழக்கூட்டம் ஹைவேயில போய்ப் பாருங்க" என்றார் ரோசம்மா. கோணல் சார் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அன்று மழை இல்லை.

அவர் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. பொன்முடிப் பேருந்தில் போனால் ஒரு வளைவில் அந்தச் சரிவு தெரியும். வரப்பு மேல் ரோசம்மா வைத்த அன்னாசிச் செடிகள் வளைந்து வளைந்து போகும். எங்கும் வேர்விட்டு உட்காரக்கூடிய எனக்கு, அந்த வளைவு வரும்போது மட்டும் உட்கார முடிவதில்லை.