நெய்யை விட்ட சின்னபொண்ணு

கொழுப்பைக் கைப்பேசியாலேயே கரைக்கலாம் என்று மனித குலத்துக்கு மெய்ப்பித்துக் காட்டிய பெருமை திண்டிவனம் 'நெஞ்சுறுதி அறக்கட்டளை'யையே சேரும். அந்த மாபெரும் பணிக்குத் தன் ரத்தத்தையே தந்தவர் விழுப்புரத்தை அடுத்த காணையில் கரும்பு வெட்டும் சின்னபொண்ணு. ஐந்து மில்லி தந்தார்.

முகாமில் எடுத்த அந்த ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கமாக இருந்தது. சின்னபொண்ணுக்கு வயது நாற்பத்து நான்கு. அவருடைய அண்ணன் நாற்பத்திரண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். தம்பி நாற்பதைக்கூடத் தாண்டவில்லை. முடிவைக் கேட்டதும் அவர் நர்ஸிடம் கையை நீட்டினார்.

"மாத்திர குடுத்துடு சிஸ்டரு. தெனம் போட்டுக்கினு கெடக்கறேன்."

நர்ஸ் இசைவாணி, அறக்கட்டளையின் அறுபத்து நான்கு பக்க 'வழிகாட்டு நெறிமுறை'களை முழுக்கப் படித்த ஒரே ஆள். இவ்வளவு கொழுப்பு இருந்து, உடன்பிறந்தவர்களும் இளவயதில் மாரடைப்பில் போயிருந்தால், காத்திராமல் மாத்திரை தொடங்க வேண்டும் என்று முப்பத்தோராம் பக்கம் தெளிவாகவே சொன்னது. ஆனால் கைப்பேசிச் செயலியில் முதல் மூன்று பக்கங்கள்தான் ஏறியிருந்தன. மூன்று மாத 'வாழ்க்கைமுறை மாற்றம்' முடியாமல் மாத்திரைக்கான பொத்தான் திறக்காது. அந்தச் செயலியை அலுவலகத்தில் 'ஆப்' என்றார்கள். ஊரில் கடைசியில் ஓர் உகரம் சேர்த்துச் சொன்னார்கள். பொருள் இன்னும் பொருத்தமாக வந்தது.

"அக்கா, தெனம் அரை மணி நேரம் நடக்கணுமாம்."

"வேலைக்குப் போவ வர ஏழு கிலோமீட்டரு நடக்கறனே!"

"நெய்ய விடணுமாம்."

"வாங்கனாதான விட்றதுக்கு?"

நெய் எத்தனை கரண்டி என்ற கட்டத்தில் இசைவாணி சுழியம் போட்டாள். 'தகவல் முழுமையற்றது' என்று திரை சிவந்தது. இயக்குநர் கண்ணையனுக்குப் போன் போட்டாள்.

"ஏதாவது ஒரு நம்பரப் போடும்மா. பேஜாரு பண்ணாத," என்று அவர் கனிவோடு நெறிப்படுத்தினார்.

இசைவாணி நான்கு போட்டாள். கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்த சின்னபொண்ணு, அந்த நொடியிலிருந்து நாளுக்கு நான்கு கரண்டி நெய் தின்பவரானார்.

"நீங்க விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்டுங்க அக்கா," என்று இசைவாணி காதோடு சொன்னாள்.

"வெட்டு முடியட்டும். ஒரு நாளு போவலன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுக்குவான்."

வெட்டு முடியவில்லை. மூன்று மாதம்தான் முடிந்தது. அதற்குள் கரும்புக்கட்டைத் தூக்கும்போது மூச்சு முட்டி, இரண்டு முறை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுபரிசோதனையில் கொழுப்பு இன்னும் இரண்டு புள்ளி ஏறியிருந்தது. இசைவாணி இந்த முறை நெய்க் கட்டத்தில் உண்மையைப் போட்டாள்: சுழியம். முன்பு நான்கு இருந்த இடத்தில் சுழியத்தைக் கண்ட திரை பச்சையானது. 'நெய் நூறு சதவீதம் கைவிடப்பட்டது. வாழ்த்துகள்! மாத்திரை தேவையில்லை.'

அந்த வெற்றிக்குத் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா எடுத்தார்கள். ஒரு மாத்திரைகூடச் செலவழிக்காமல் ஓர் உயிரைக் காத்த வரலாற்றைக் கண்ணையன் நாற்பது நிமிடம் விவரித்தார். பிறகு சின்னபொண்ணுக்குச் சால்வை போர்த்தி, மைக்கையும் கொடுத்தார்.

"சால்வ வாணாம் சார். மாத்திர குடுங்க," என்றார் சின்னபொண்ணு. "கட்டு தூக்கனா மூச்சு முட்டுது. அண்ணன் பூட்டாரு, தம்பி பூட்டான். அடுத்தது நான் போவணுமா?"

படம் எடுத்துக்கொண்டிருந்தவர் கேமராவை இறக்கினார். கண்ணையன் பாய்ந்து மைக்கைக் கையால் பொத்தினார். தன் சட்டையில் குத்தியிருந்த இன்னொரு மைக்கை மறந்துவிட்டார்.

"மேடையேத்தி மரியாத பண்ணா இப்டியா பேசுவ? எவ்ளோ கொழுப்பு உனக்கு!"

சின்னபொண்ணு பணிவோடு பதில் சொன்னார்.

"முன்னூத்திப் பன்னெண்டுங்க. எனக்கு அளந்துட்டாங்க. உங்களுக்கு இன்னும் யாரும் அளக்கலையா சார்?"