கூரை வரவிருக்கும் நாடு

முகிலூர் நாட்டில் மழை அதிகம். அறிவிப்புகள் அதைவிட அதிகம். ஒரு புரட்டாசியில், குடிகளின் வீடுகளுக்கெல்லாம் அரசே புதுக்கூரை போட்டுத் தரும் என்று மன்னர் முரசறைவித்தார். வேலை முழுவதும் வரகுணன் என்ற ஒப்பந்தக்காரருக்குப் போனது. அவர் மன்னரின் மைத்துனர் என்பது தற்செயல்.

வண்ணாரத் தெருவில் ஆவுடையம்மாவின் வீட்டு ஓடுகளை வரகுணனின் ஆட்கள் ஒரே காலையில் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். உள்ளே அவள் மகள் செவந்தி நிறைமாதமாய் உட்கார்ந்திருந்தாள்.

"புது ஓடு எப்பங்கய்யா வரும்?"

"நாளைக்கே வந்துரும், கவலைப்படாதம்மா" என்றார் வரகுணன்.

பதினேழு நாட்களாகியும் வரவில்லை. அவர் அடுத்த தெருவில் ஓடு பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்துப் போட்ட வீடுகளுக்கு 'மேம்பட்டுவரும் இல்லங்கள்' என்று பெயர் சூட்டி, அரண்மனை விழா எடுத்தது.

மழை பிடித்தது. ஆவுடையம்மா நனைந்த சேலையோடு அமைச்சர் முன் போய் நின்றாள்.

"எம்மவ இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா சாமி. தலைக்கு மேல கூரை இல்ல."

அமைச்சர் முகம் சுளித்தார். "கூரை இல்லை என்பது அவதூறு, அம்மா. கூரை வரவிருக்கிறது என்று சொல்லப் பழகுங்கள்."

மறுநாள் அதுவே சட்டமானது. வீட்டுக்குள் குடை பிடிப்பது ஒப்பந்தக்காரரை அவமதிக்கும் செயல் என்று அதற்கு மறுநாள் இன்னொரு சட்டம் வந்தது.

ஆவுடையம்மா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிவந்து, செவந்தி படுத்திருந்த அறைக்கு மட்டும் பனையோலை வேய்ந்தாள். செவந்திக்கு வலி கண்ட நேரத்தில் காவலர்கள் வந்தார்கள்.

"அரசுப் பணியில் குறுக்கீடு. பிரியுங்கள்!"

"உள்ள பிள்ளைவலியில கெடக்குறாடா பாவிகளா!" என்று அவள் அலறினாள். ஓலைகள் தெருவில் விழுந்தன. மூன்று பெண்கள் சேலையை விரித்துப் பிடிக்க, அதன் கீழே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. ஐந்தாம் நாள் சளி கட்டி மூச்சு நின்றது.

புதைத்த கையோடு ஆவுடையம்மா அரண்மனை வாசலில் போய் உட்கார்ந்தாள். தெருத்தெருவாக மக்கள் வந்து அவளோடு சேர்ந்தார்கள். மன்னர் மாடத்தில் தோன்றித் தொண்டையைச் செருமினார். "உங்கள் கோபம் எமக்குப் புரிகிறது. நீங்களே அரசனைத் தேர்ந்தெடுங்கள்."

தேர்தலில் இருவர் நின்றார்கள். ஒருவர் மன்னர், மற்றவர் வரகுணன். "உங்க ஓடெல்லாம் எங்கிட்டதான் இருக்கு. நான் ஜெயிச்சாத்தான் திரும்ப வரும்" என்று வரகுணன் ஊர் ஊராகச் சொன்னார். மலைபோல் ஓட்டு விழுந்தது. மகுடம் சூடிய கையோடு, கூரைக்கு முன் சுவர்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஆணையிட்டார்.

ஒப்பந்தம் பழைய மன்னருக்குப் போனது.

அவர் கடப்பாரையோடு வண்ணாரத் தெருவுக்கு வந்து, ஆவுடையம்மாவின் வீட்டை மேலும் கீழும் பார்த்தார். "எந்தச் சுவரிலிருந்து தொடங்கலாம், அம்மா?"

ஆவுடையம்மா அவர் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். பச்சை உடம்போடு செவந்தி பின்னால் வந்தாள்.

"எங்கம்மா போற?"

"அரண்மனைக்குடி. அங்கயும் சுவரு இருக்குல்ல."

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உலக்கை, மண்வெட்டி, அம்மிக்குழவி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெரு முழுவதும் நடந்தது.