குறை கேட்கும் சக்கரம்

சக்கரகிரி நாட்டு மன்னருக்கு வாசிக்கப் பொறுமை கிடையாது. குடிமக்களோ மனு எழுதுவதில் சூரர்கள். ஆகவே அரசவை கூடி, மனுக்கள் யாவும் இனி எண்ணாக மாற்றப்பட்டே மன்னர் பார்வைக்குப் போகும் என்று சட்டம் செய்தது.

அதற்கென ஆளுயரச் சக்கரம் ஒன்றைச் செய்தார்கள். உச்சியில் பூஜ்யம். வலப்பக்கம் தேவை, இடப்பக்கம் உபரி. இரண்டும் அடியில் பத்தாயிரத்தில் சந்திக்கும். எண்ணுக்கு முன்னால் சிறு கோடு போட்டிருந்தால் உபரி என்று பொருள். எழுத்தர் மனுவை முதலிலிருந்து பார்ப்பார். எண்ணுக்குத் தக்கபடி முள்ளைத் திருப்புவார். எழுத்து குறுக்கிட்டதும் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் வாசிப்பது குற்றம்.

கூழாங்கரை ஊர்த்தலைவி செண்பகவடிவு முறைப்படி எழுதினாள்: ‘மாட்சிமை தங்கிய மன்னருக்கு வணக்கம். இரண்டு கிணறுகள் வற்றிவிட்டன. குடிக்க 400 குடம் தண்ணீர் வேண்டும்.’

பதில் வந்தது: ‘பூஜ்யம். தங்கள் ஊருக்குக் குறை ஏதுமில்லை என அறிந்து மகிழ்கிறோம்.’

அவள் தலைநகருக்கே நடந்தாள். எண்ணாக்க இலாகாவின் தலைமை அதிகாரி ஞானபூபதி எழுந்து நின்று வரவேற்றார்.

“நானூறு குடம்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கேனேய்யா?”

“எழுதியிருக்கிறீர்கள் அம்மா. ஆனால் அதற்கு முன்பே மாட்சிமை வந்துவிட்டது. நாங்கள் அங்கேயே நின்றுவிட்டோம்.”

“ராசாவுக்கு வணக்கம் வைக்காம எழுதினா என் தலை இருக்குமா?”

“இருக்காது. வணக்கம் வைப்பது கட்டாயம். அதைத் தாண்டி வாசிப்பதுதான் தடை.”

“அப்போ நாட்டுல ஒருத்தருக்கும் குறையே இல்லையா?”

“ஒருவருக்கும் இல்லை. நேற்றுத்தான் அதற்கு விழா எடுத்தோம்.”

வணக்கத்தை எங்கே வைப்பது என்று சட்டம் சொல்லவில்லை. அதைக் கடைசிக்குத் தள்ளி, ‘2 கிணறுகள் வற்றியதால் 400 குடம் வேண்டும், வணக்கம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுவாரம் மேளதாளத்தோடு, குடை பிடித்து, ஊருக்கு இரண்டு குடம் தண்ணீர் வந்து சேர்ந்தது.

செண்பகவடிவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோடை முழுவதற்கும் சேர்த்து, ‘12000 குடம், வணக்கம்’ என்று எழுதியனுப்பினாள். இந்த முறை வண்டிகள் வரிசையாக வந்தன. எல்லாம் காலி வண்டிகள். மிச்சமிருந்த கோயில் கிணற்றையும் கூட வந்த வீரர்கள் இறைத்து நிரப்பிக்கொண்டார்கள்.

“கோவிச்சுக்காதீங்க ஆத்தா,” என்றான் வண்டிக்காரன். “முள்ளு பத்தாயிரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறிடுச்சு. உங்க ஊர்ல எட்டாயிரம் குடம் உபரியாம்.”

“நீ கண்ணால பாக்குறியேப்பா, உபரியாவா இருக்கு?”

“பாக்குறதுக்கு எனக்குச் சம்பளம் இல்லீங்களே.”

இறைத்த கிணற்றின் சேற்றைப் பார்த்தபடி அவள் கணக்குப் போட்டாள். தேவை அந்தப் பக்கம் போய் ஏறுமானால், உபரி மட்டும் இந்தப் பக்கம் ஏறாதா? ஓலையை எடுத்தாள். முன்னால் ஒரு கோட்டை இழுத்துவிட்டு எழுதினாள்: ‘-12000 குடம். எங்கள் ஊரில் தண்ணீர் பெருகி வழிகிறது. வணக்கம்.’

முள் இடப்பக்கமாக இறங்கியது, அடியைத் தாண்டியது, வலப்பக்கமாக ஏறியது. தேவை எட்டாயிரம்!

மூன்று நாட்களாகத் தண்ணீர் நிறைந்த வண்டிகள் வந்தன. கோயில் கிணறு விளிம்பு தொட்டது. கடைசி வண்டியிலிருந்து ஞானபூபதி இறங்கினார். குடை இல்லை, சேவகர் இல்லை. ஒரு செம்பு தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

“ஆத்தா, சட்டத்தை மீறி உங்க மனுவை முழுசா வாசிச்சுட்டேன். எங்க ஊர்லயும் மூணு மாசமா சொட்டுத் தண்ணி இல்ல. இவ்வளவு பெரிய பொய்யை உங்களால எப்படி எழுத முடிஞ்சுது? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க.”

“பொய்யா? எனக்கு ஏதுய்யா அந்தத் துணிச்சல்?” என்றாள் செண்பகவடிவு. “முடிசூட்டு ஆண்டு விழாவுல ராசா வெளியிட்ட சாதனை அறிக்கையில இருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டேன், அவ்வளவுதான். இன்னும் நிறைய வரி இருக்கு. உங்க ஊருக்குத் தண்ணி மட்டும் போதுமா, ரோடும் பள்ளிக்கூடமும் சேர்த்தே எழுதிரலாமா?”